லத்தீன்ல பச்சை குத்துறதுக்கு முன்னாடி தமிழ்ல ஒரு தடவ சொல்லிப் பாருங்க

ஏப்ரல் மே சீசன் வந்துட்டா ஊட்டிலயும் கொடைக்கானல்லயும் டாட்டூ போடுற இடங்கள்ல கூட்டம் கூடிடும், சிங்கம், இறகு, அம்மா பேரு, முருகன் வேல் இதெல்லாம் எப்பவும் போறது தான், ஆனா இப்பல்லாம் லத்தீன்ல ஒரு வரி வேணும்னு கேட்குறவங்க நிறைய. கையில போன்ல ஒரு இங்கிலீஷ் வாசகம் இருக்கும், அத ஆப்ல போட்டு லத்தீனா மாத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருப்பாங்க, டாட்டூ போடுறவரு அத அப்படியே ஸ்டென்சில் எடுத்து ஒட்டிடுவாரு. அவருக்கு லத்தீன் தெரியணும்னு அவசியமில்ல, குத்திக்கிறவருக்கும் தெரியாது. நான் குன்னூர்க்காரன், சின்ன வயசுல குருமடத்துல, அதாவது சாமியாருக்குப் படிக்குற இடத்துல, கொஞ்ச காலம் லத்தீன் படிச்சவன், அதனால "அண்ணா இது சரியான்னு பாருங்க"ன்னு எனக்கு அனுப்புவாங்க. முக்கால்வாசி சரியா இருக்காது. ஆப் மேல பழி போட்டா முடிஞ்சுதுன்னு நினைக்கலாம், ஆனா கோளாறு அதுக்கு முன்னாடியே, அந்த இங்கிலீஷ் வாசகத்துலயே ஆரம்பிச்சிடுது.

இங்கிலீஷ் ஒரு வாசகத்துக்குள்ள நிறைய விஷயத்த சொல்லாமலே மறைச்சு வெச்சுக்கும். சொல்றது ஆணா பொண்ணா, ஒருத்தர்கிட்ட சொல்றதா பத்து பேர்கிட்ட சொல்றதா, யார யாரு என்ன பண்றாங்க, எதுவும் சொல்லின் முகத்துல தெரியாது. லத்தீன் அப்படி விடாது, ஒவ்வொரு சொல்லோட கடைசிலயும் ஒரு விகுதி ஒட்டிக்கிட்டு பதில் கேட்டுக்கிட்டே இருக்கும். நம்ம தமிழும் அதே மாதிரி கேட்குற பாஷை தான். அதனால யாரு வந்தாலும் நான் முதல்ல சொல்றது, இங்கிலீஷ்ல இருந்து நேரா லத்தீனுக்குத் தாவாதீங்க, நடுவுல தமிழ்ல ஒரு தடவ வாய்விட்டுச் சொல்லுங்க, நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு உங்களுக்கே அப்பத்தான் தெரியும்.

(லத்தீன் சொற்கள கத்தோலிக்கக் கோயில்ல பழைய பூசைல கேட்ட உச்சரிப்புலயே இங்க எழுதுறேன். ரோமாபுரிக்காரங்க வேற மாதிரி உச்சரிச்சிருப்பாங்க, அத வெச்சு சண்டைக்கு வராதீங்க.)

பைக் பசங்க கேட்குற ஒண்ண எடுத்துக்கலாம். மசினகுடில இருந்து கல்லட்டி வழியா 36 கொண்டை ஊசி வளைவு ஏறி வர்றவங்களுக்கு "வண்டி ஓட்டவே பிறந்தேன்"ங்குற இங்கிலீஷ் வாசகம் ரொம்பப் பிடிக்கும். தமிழ்ல சொல்லுங்கன்னா உடனே ஒரு பையன் "ஓட்டவே பிறந்தவன்"னு சொல்லுவான், ஒரு பொண்ணு "பிறந்தவ"ன்னு சொல்லும். அவ்வளவு தான், லத்தீனோட முதல் கேள்விக்கு பதில் வந்தாச்சு: ஆணுக்கு நாத்துஸ், பெண்ணுக்கு நாத்தா. ஆப்ல இருந்து வர்றது எப்பவும் நாத்துஸ் தான், அதக் கையில குத்திட்டு சுத்துற பொண்ணுங்க இருக்காங்க. அடுத்து "ஓட்ட"ங்குறதுக்கு அகராதில கிடைக்குறது எக்விதாரே, அதுல எக்வுஸ்னா குதிரை, குதிரை சவாரிய மட்டுந்தான் அது சொல்லும். ஊட்டி லேக் பக்கத்துல குதிர வெச்சுருக்குற அண்ணன்மாருக்கு அது கச்சிதமாப் பொருந்தும், புல்லட்டுக்குப் பொருந்தாது. ரோமில் பைக் கிடையாது, அதனால நாத்துஸ் ஆத் வியாஸ், அதாவது சாலைகளுக்காகவே பிறந்தவன், இப்படி சுத்தி வளைச்சுப் போறது தான் வழி.

வினைச்சொல்லும் அப்படித்தான். வந்தேன் பார்த்தேன் ஜெயிச்சேன்னு சீசர் சொன்னதா சொல்றாங்களே, வேனி வீதி வீச்சி, அதுல நான்ங்குற சொல்லே கிடையாது, "வந்தேன்"ல "ஏன்"ங்குற விகுதி இருக்குற மாதிரி அங்கயும் விகுதிலயே ஆள் உட்கார்ந்திருக்கு. இங்கிலீஷ் வழியா யோசிக்குறவங்க ஒவ்வொரு வினைக்கும் முன்னாடி "நான்"ன்னு எகோ போட்டுத் தள்ளுவாங்க, தப்பில்ல, ஆனா "நானாக்கும்"னு மார் தட்டுற தொனி வந்துடும். இதே விகுதி சமாச்சாரத்துல மாட்டுறது தான் ஆலிஸ் வோலாத் ப்ரோப்ரியிஸ். உலகம் பூரா பொண்ணுங்க தோள்ல குத்திக்குற வாசகம், ரெண்டாயிரம் வருஷத்துப் பழசுன்னு நினைச்சுக்கிறாங்க. நிஜத்துல அது அமெரிக்காவுல ஆரிகான் பிரதேசத்தோட முத்திரைக்காக 1854ல இங்கிலீஷ்ல யோசிச்சு லத்தீனாக்குன வாசகம், பின்னாடி மாநில வாசகமாவும் ஆச்சு. "தன் சொந்தச் சிறகால பறக்குறா"ன்னு அர்த்தம். குத்திக்குறவங்க நினைக்குறது "என் சிறகால பறக்குறேன்". அதுக்கு வோலாத் கூடாது, வோலோ வரணும். ஆனா வோலோன்னா "விரும்புறேன்"னும் இன்னொரு அர்த்தம் இருக்கு, எழுத்து அதே எழுத்து தான், பக்கத்துல சிறகுன்னு இருக்குறதால பறக்குறதுன்னு புரிஞ்சுக்கலாம்.

இப்ப மலை ஏறுறவங்களோட வாசகத்துக்கு வரேன், ஏன்னா நீலகிரி பழனி மலைப் பக்கம் அதிகம் கேட்குறது இதுதான். "மலைகள் கூப்பிடுது, நான் போகணும்". டீ ஷர்ட், கப், கீ செயின்னு எல்லாத்துலயும் இருக்கும். இது அமெரிக்க இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் 1873ல யோசெமிட்டி பக்கத்துல இருந்து அவர் அக்காவுக்கு எழுதுன கடிதத்துல இருக்குற வரி. கடிதத்துல அந்த வாக்கியம் அதோட நிக்கல, முடிஞ்ச வரைக்கும் வேலை செய்வேன், விடாம ஆராய்ச்சி பண்ணுவேன்னு தொடர்ந்து போகும். மனுஷன் ட்ரிப் போகல, வேலைக்குப் போறார், பனியாறு எப்படி பள்ளத்தாக்கச் செதுக்குச்சுன்னு பார்த்துட்டிருந்த காலம் அது.

சரி, லத்தீனாக்கலாம். மலைங்குறது மோன்ஸ், பன்மை மோந்தேஸ். கூப்பிடுதுங்குறதுல நம்ம பேச்சுத்தமிழ் கொஞ்சம் சோம்பேறி, ஒரு மலைனாலும் பத்து மலைனாலும் "கூப்பிடுது" தான். லத்தீன் ஒத்துக்காது, மலை ஒண்ணுனா வோகாத், பலதுனா வோகாந்த். ஒரு பையன் தொட்டபெட்டாவ மட்டும் மனசுல வெச்சு கேட்டான்னா அவனுக்கு மோன்ஸ் வோகாத் தான் சரி. அடுத்து யாரக் கூப்பிடுது? இங்கிலீஷ்ல அது அந்தரத்துல தொங்கும், தமிழ்ல "மலை என்னக் கூப்பிடுது"ன்னு தானே வரும், லத்தீன்லயும் என்னைங்குறதுக்கு மே போட்டா வாக்கியம் தரையில நிக்கும். மோந்தேஸ் மே வோகாந்த். வினைச்சொல்ல கடைசில வெக்குற பழக்கம் ரோமாபுரிக்காரங்களுக்கும் உண்டு, அதனால இந்த வரிசை நமக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியாது.

கஷ்டம் "போகணும்"ல தான். இங்க தமிழ் தான் நம்மள ஏமாத்துது. போகணும்னா ஆசையாவும் இருக்கலாம், கட்டாயமாவும் இருக்கலாம், "ஊட்டிக்குப் போகணும்டா"ங்குறதும் "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்"ங்குறதும் ஒரே சொல்லு. லத்தீன்ல ஆசைனா ஈரே வோலோ, கட்டாயம்னா வேற அமைப்பு. எந்தப் போகணும்னு கேட்டா பலபேர் யோசிக்குறாங்க, சிலர் சிரிச்சுட்டு "ஆசை தான் அண்ணா, லீவு கிடைக்கல"ன்னு சொல்லுவாங்க. ஆனா மியூர் எழுதுனது கட்டாயம். அகராதிய மட்டும் பார்த்தா தேபேயோன்னு ஒரு சொல்லு கிடைக்கும், அதுக்கு அடி அர்த்தம் கடன்பட்டிருக்கேன்னு, மலைக்குப் போறத இ.எம்.ஐ கட்டுற மாதிரி ஆக்கிடும். நல்ல லத்தீன் என்னன்னா மிஹி எவுந்தும் எஸ்த். மிஹின்னா எனக்கு. மொத்தமா "எனக்குப் போக வேண்டியிருக்கு". சொல்லுக்குச் சொல்லு தமிழ். நாலாம் வேற்றுமைல "எனக்கு"ன்னு ஆள வெச்சுட்டு, போக வேண்டியது தானா வந்து அவர் மேல இறங்குற மாதிரி சொல்றது இங்கிலீஷ்காரங்களுக்கு மாசக்கணக்குல மண்டைல ஏறாத இலக்கணம், நமக்கு வீட்டுப் பேச்சு. ஆக மொத்தம், மோந்தேஸ் மே வோகாந்த், மிஹி எவுந்தும் எஸ்த்.

ஒரு விஷயம் மட்டும் மனசுல உறுத்தும். ரோமாபுரிக்காரங்களுக்கு மலை கூப்பிடுற இடமா இருந்ததில்ல. ரோமோட எதிரித் தளபதி ஹன்னிபால் ஆல்ப்ஸ் மலையத் தாண்டின கதைய ரோம வரலாற்று ஆசிரியர் லிவி எழுதுறதப் பார்த்தா பனியும் பாறையும் பயங்கரமும் தான். குறிஞ்சித் திணைல மலையும் மலை சார்ந்த இடத்தையும் காதலுக்கு ஒதுக்கி வெச்ச ஆளுங்க நாம, அந்த வாக்கியம் லத்தீனவிட சங்கத் தமிழுக்குத் தான் நல்லாப் பொருந்தும்னு எனக்குத் தோணும், ஆனா கேட்குறவங்க கேட்டது லத்தீன்.

அடுத்தது "விட்டுக்கொடுக்காதே" வகையறா. லவ்டேல் லாரன்ஸ் ஸ்கூல், 1858ல ஆரம்பிச்சது, அதோட வாசகமே இங்கிலீஷ்ல இதுதான், அதனால நீலகிரில இதக் கேட்குறவங்க கூடுதல். யாருக்குச் சொல்றீங்க? உனக்கு நீயே சொல்லிக்கிறதுனா நோலி சேதெரே. உங்க செட் பசங்க எல்லாருக்கும்னா நோலித்தே சேதெரே. "ஒருநாளும் விடமாட்டேன்"னு உறுதி எடுக்குறதுனா நும்க்வாம் சேதாம், விடமாட்டோம்னா சேதேமுஸ். இங்க ஒரு வேடிக்கை, விடமாட்டோம்ங்குறப்போ நாமளா நாங்களான்னு தமிழ் கேட்கும், லத்தீனுக்கு ரெண்டும் நோஸ் தான், கேட்குறவர சேர்த்துக்கிட்டமா ஒதுக்கினமாங்குறது அதுக்குத் தெரியாது. நீ, நீங்கங்குற மரியாதையும் பழைய லத்தீன்ல இல்ல, சீசரும் தூ தான், அடிமையும் தூ தான்.

ஆனா இந்த வாசகத்துக்கு நான் எதையும் மொழிபெயர்க்கச் சொல்றதில்ல, ஏன்னா ரோமக் கவிஞர் வர்ஜில் ஏற்கனவே எழுதி வெச்சுட்டார்: தூ நே சேதே மலிஸ். பாதாளத்துக்கு இறங்கப் போற காவிய நாயகன் ஈனியாஸ்கிட்ட குறி சொல்ற கிழவி சொல்றது. நீ கஷ்டங்களுக்கு அடங்கிப் போகாதே, இன்னும் துணிஞ்சு எதிர்த்துப் போன்னு வரி தொடரும். மலிஸ்ங்குறது கஷ்டங்களுக்கு, நம்ம "கு" உருபு இருக்குற அதே இடம். அதுலயும் ஒரு குறும்பு இருக்கு, முதல் எழுத்து "மா"ன்னு நெடிலா இருந்தா அதே சொல்லு ஆப்பிள்களுக்குன்னு ஆயிடும். ரோமாபுரிக்காரங்க குறில் நெடில் வித்தியாசத்த உச்சரிப்பாங்க, பெரும்பாலும் எழுத மாட்டாங்க. இதே மாதிரி லிபெர் குறிலா இருந்தா புத்தகம், லீபெர் நெடிலா இருந்தா சுதந்திரமானவன், எழுத்துல ரெண்டும் ஒண்ணு. "நான் சுதந்திரமானவ"ன்னு நினைச்சு ஒரு பொண்ணு லிபெர் சும்னு குத்திக்கிட்டா அது "நான் புத்தகம்"னு படிக்க இடம் இருக்கு, லீபெரா சும்னு பெண்பாலாக்குனாலே அந்த குழப்பம் போயிடும்.

குறில் நெடில்னு சொல்லும்போது வீரமாமுனிவர விட முடியாது. இத்தாலில இருந்து 1710ல வந்த சேசு சபை சாமியார், பெஸ்கி. தமிழ் எழுத்துல எ ஏ, ஒ ஓ ரெண்டுக்கும் தெளிவா வித்தியாசம் காட்டுற முறைய சீர்படுத்தினவர்னு நாம பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். அவர் பண்ணின இன்னொண்ணு, கொடுந்தமிழ்னு சொல்ற பேச்சுத்தமிழுக்கு லத்தீன்லயே இலக்கணம் எழுதுனது, 1730கள்ல தரங்கம்பாடில அச்சாச்சு. குறள்ல அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனாக்கினதும் அவர் தான். வேற்றுமை உருபு, வினைமுற்று விகுதி எல்லாத்தையும் லத்தீன் சட்டத்துல அவர் விளக்கும்போது இடறுற இடமும் உண்டு, ஆனா அந்த ரெண்டு பாஷையும் நேருக்கு நேரா பேசிக்கிட்டு கிட்டத்தட்ட முன்னூறு வருஷம் ஆகுது, நடுவுல இங்கிலீஷே இல்ல. கொடைக்கானல் பக்கம் செண்பகனூர்ல 1895ல சேசு சபைக்காரங்க ஆரம்பிச்ச திரு இருதயக் கல்லூரி மாதிரி இடங்கள்ல தமிழ்ப் பசங்க லத்தீன்ல தத்துவம் படிச்சதும், 1960கள்ல கத்தோலிக்கத் திருச்சபை கூட்டுன ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம் பூசை தமிழுக்கு வந்ததும் அதோட தொடர்ச்சி. இப்பவும் மலைல இருக்குற கோயில் பங்குகள்ல வயசான தாத்தாமார் யாராவது "தோமினுஸ் வோபிஸ்கும்" (ஆண்டவர் உங்களோட இருப்பாராக)னு கேட்டதும் பட்டுன்னு பதில் சொல்லுவாங்க.

லத்தீன் விகுதி எப்படி மாறுதுன்னு பார்க்கணும்னா குருமடம் போக வேண்டாம், ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் போதும், 1848ல ஆரம்பிச்சு மெக்ஐவர் உருவாக்குன தோட்டம், மரத்துக்கு மரம் பலகைல லத்தீன் பேர் இருக்கும். காட்டுப்பூவரசுன்னு நம்ம சொல்ற ரோடோடெண்ட்ரான்ல நீலகிரி வகைக்கு நிலகிரிக்கும்னு "உம்"ல முடியும், ஏன்னா ரோடோடெண்ட்ரான்ங்குற சொல்லு லத்தீன்ல அஃறிணை பால். குறிஞ்சிய எடுத்துக்கோங்க, 2006ல பூத்துச்சு, 2018ல பூத்துச்சு, அடுத்து 2030னு காத்திருக்குற பூ, அத நிறையப் பேர் கையில வரைஞ்சு பக்கத்துல தாவரவியல் பேரும் குத்திக்கிறாங்க. முதல்ல அதுக்கு வெச்ச பேர் ஃப்ளெபோஃபில்லும் குந்தியானும், அப்புறம் ஸ்ட்ரோபிலாந்தெஸ்ங்குற பேரினத்துக்கு மாத்தினப்போ அது பெண்பால் சொல்லுங்குறதால குந்தியானா ஆயிடுச்சு. செடி அதே செடி. பெயரடை பெயர்ச்சொல்லோட பாலுக்கு ஏத்த மாதிரி மாறணும், "நல்ல பையன் நல்ல பொண்ணு நல்ல மரம்"னு எல்லாத்துக்கும் நல்லங்குறத அப்படியே வெக்குற நமக்கு இது ஒண்ணு தான் கொஞ்சம் புதுசு. கருமந்திக்கு ஜோன்னியின்னு பேர் வருதே, அந்தக் கடைசி "யி" ஜானுடையன்னு ஆறாம் வேற்றுமை, தரங்கம்பாடில இருந்த ஜான்ங்குற மிஷனரி பேருல வெச்சது.

அர்த்தம் சம்பந்தப்பட்ட வில்லங்கம் இதவிட மோசம், இலக்கணம் சரியா இருந்தும் கோட்டை விடலாம். "குடும்பமே எல்லாத்துக்கும் மேல"ன்னு ஃபாமிலியா போட்டு குத்துறாங்க. ரோமில் ஃபாமிலியான்னா வீட்டுத் தலைவரோட அதிகாரத்துக்குக் கீழ இருக்குற மொத்தப் பேரும், அடிமைங்களும் சேர்த்து. என் பொண்டாட்டி புள்ள அப்பா அம்மான்னு பாசமா சொல்லணும்னா மேயி, அதாவது என்னவங்க, மேயி ஆந்தே ஓம்னியா. "கனவத் துரத்து"ங்குறதும் அப்படி. கலாம் ஐயா கனவு காணுங்கள்னு சொன்னதுல இருந்து நமக்கு கனவுனா லட்சியம்னு பழகிடுச்சு, ஆனா லத்தீன்ல சோம்னியான்னா தூக்கத்துல வர்றது, மிஞ்சிப்போனா வெத்துக் கற்பனை, அதத் துரத்துனா ஆளு தூக்கத்துல நடக்குறான்னு அர்த்தம். க்வோத் ஓப்தாஸ் பேத்தே, நீ விரும்புறதத் தேடிப் போ, இது போதும். கார்பே தியெம்க்கு மட்டும் நேரெதிரா, இங்கிலீஷ்ல தான் தப்பு. "இந்த நாளக் கைப்பற்று"ன்னு போர்க்களச் சத்தமா ஆக்கிட்டாங்க. ரோமக் கவிஞர் ஹொரேஸ் எழுதுன கார்பே பழம் பறிக்கிறது, பூ பறிக்கிறதுக்கு வர்ற சொல்லு. கோத்தகிரி கூடலூர் பக்கம் தேயிலை பறிக்கிற அக்காங்ககிட்ட இதச் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்ல, ரெண்டு இலையும் ஒரு மொட்டும் பக்குவமா இருக்குறப்போ பறி, முத்திட்டா போச்சு, வரியோட தொனி இதுதான்.

ரோமாபுரிக்காரங்க தோல்ல எழுதுனா என்ன நினைப்பாங்கன்னும் சொல்லிடறேன். நம்ம பக்கம் பச்சை குத்துறது அழகு, குறத்தி வந்து குத்திவிடுவா, தோடர் பெண்கள் கையிலயும் மார்லயும் புள்ளியும் வட்டமுமா குத்திக்கிறது பழைய வழக்கம், அதுல எழுத்தே கிடையாது. ரோமில் தோல்ல எழுத்து இருந்தா அவன் தப்பி ஓடிப் புடிபட்ட அடிமை, இல்ல தண்டனை வாங்குன குற்றவாளி. ஸ்திக்மான்னு பேரு. நாலாம் நூற்றாண்டு தொடக்கத்துல கான்ஸ்டன்டைன் பேரரசர் குற்றவாளிங்க முகத்துல குத்தக் கூடாதுன்னு சட்டம் போட்டார், கையில கெண்டைக்கால்ல குத்திக்கலாம்னு விட்டுட்டார். அடிமை கழுத்துல மாட்டுன இரும்பு வளையங்கள் கிடைச்சிருக்கு, அதுல "ஓடிட்டேன், என்னப் புடி"ன்னு லத்தீன்ல எழுதியிருக்கும். கெண்டைக்கால்ல "நான் சுதந்திரமானவன்"னு லத்தீன்ல குத்திட்டு ஒரு பையன் டைம் டிராவல் பண்ணி ரோமுக்குப் போனா கதை கந்தல் தான்.

ஆப் விஷயம். கூகுள் 2010ல லத்தீனச் சேர்த்துச்சு, அன்னைக்கு இருந்ததவிட இப்ப வர்ற ஏஐ எல்லாம் ரொம்பத் தேவலாம், விகுதி நிறைய சரியா வருது. ஆனா நீங்க ஒரு வரிய போட்டா நீங்க ஆணா பொண்ணான்னு பெரும்பாலும் திருப்பிக் கேட்காது, ஒண்ண முடிவு பண்ணிக் கொடுத்துடும். வந்த லத்தீன மறுபடி இங்கிலீஷாக்கிப் பார்த்து சரியா இருக்குன்னு சந்தோஷப்படுறதும் பிரயோஜனமில்ல, நாத்துஸும் நாத்தாவும் இங்கிலீஷுக்குத் திரும்பி வரும்போது ஒரே மாதிரி தான் இருக்கும், தப்பு மறைஞ்சுடும். அதனால ஆப்கிட்ட போறதுக்கு முன்னாடியே யாரு, யார்கிட்ட, ஒருத்தரா பலரா, ஆசையா கட்டாயமான்னு தமிழ்ல முழு வாக்கியமா எழுதி அதையும் கூட வெச்சுக் கேளுங்க, அப்புறம் லத்தீன் தெரிஞ்ச யாராவது ஒருத்தர்கிட்ட, பங்குச் சாமியார்ல வயசானவங்க இருப்பாங்க, காட்டுங்க.

கடைசியா எழுத்து வடிவம். முழுக்க பெரிய எழுத்துல குத்துறதா இருந்தா ரோமாபுரிக் கல்வெட்டு மாதிரி யு வர்ற இடத்துலயும் வி எழுத்து போடலாம். மலைக்குக் கீழ கோயமுத்தூர் வெள்ளலூர்லயும் கரூர்லயும் கிடைச்ச ரோமானியக் காசுகள்ல பார்த்தீங்கன்னா அகஸ்துஸ்ங்குற பேர்ல யு எல்லாம் வி யாத்தான் இருக்கும், அதோட இடம் பத்தாம "மகன்"ங்குற சொல்லையே ஒத்த எழுத்தா சுருக்கியிருப்பாங்க. சின்ன எழுத்துல குத்துனா யு யாவே இருக்கட்டும். ரெண்டையும் கலக்காதீங்க, டாட்டூ போடுறவருக்கு எவுந்தும்ங்குற சொல்லுல வி ய பார்த்ததும் தப்பா டைப் ஆயிருக்குன்னு தோணி ஒரு எழுத்த மட்டும் யு வா திருத்திடுவாரு. ஸ்டென்சில தோல்ல ஒட்டினதும் ஊசி எடுக்குறதுக்கு முன்னாடி பேப்பர பக்கத்துல வெச்சு எழுத்து எழுத்தா, கடைசி எழுத்துல இருந்து முதல் எழுத்துக்குப் பின்னோக்கி ஒத்துப் பாருங்க, முன்னாடி இருந்து படிச்சா மனசு தானா நிரப்பிக்கிட்டு போயிடும்.